அலைக்கும் மலைக்கும் முன்னால் ஒரு சிறு உருவம்

1810ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சிக்கு வந்தவர்களை ஓர் ஓவியம் தடுமாற வைத்தது. ஒன்றே முக்கால் மீட்டர் அகலக் கித்தானில் பெரும்பகுதி வெறும் வானம். அதன் அடியில் கறுத்த கடல் ஒரு பட்டையாகக் கிடக்கிறது. அதற்கும் கீழே வெளிறிய மணல்மேடு. அதன்மேல் கடலைப் பார்த்தபடி ஒரு துறவி. மொத்தப் படத்திலும் நிமிர்ந்து நிற்பது அந்தச் சிற்றுருவம் ஒன்றுதான்.

காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் வரைந்த ‘கடலோரத் துறவி’ அது. முதலில் கடலில் கப்பல்களையும் வரைந்திருந்தவர் பிறகு அவற்றை மூடிவிட்டார் என்பது பின்னாளில் நடந்த அகச்சிவப்பு ஆய்வில் தெரியவந்தது. கண் இளைப்பாற ஓர் இடம்கூட வேண்டாம் என்பதே அவருடைய முடிவு. எழுத்தாளர் ஹைன்ரிஹ் ஃபொன் கிளைஸ்ட் தாம் நடத்திய பெர்லின் மாலை இதழில், இந்தப் படத்தின் முன் நிற்பவருக்கு ஏற்படும் தவிப்பைப் பற்றி எழுதினார். பிரஷ்ய மன்னர் ஓவியத்தை விலைகொடுத்து வாங்கினார்.

ரொமாண்டிக் காலத்து நிலக்காட்சி ஓவியம் என்றதும் ‘இயற்கையின் மீது கொண்ட காதல்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். 1800க்குச் சற்று முன்பிருந்து 1870கள் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தீட்டப்பட்ட படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வரி போதாது என்று புரியும். அவர்கள் எல்லோரும் ஒரே இயற்கையைக் காதலிக்கவில்லை. ஒருவருக்கு அது இறைவனின் மௌனம். இன்னொருவருக்குக் கப்பலை விழுங்கும் விசை. மற்றொருவருக்கு அப்பாவின் மாவு ஆலையைச் சுற்றி வீசிய ஈரக்காற்று. அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்தவர்களுக்கோ அது ஒரு புதிய தேசத்தின் பட்டா. இத்தனை பேரையும் இணைத்தது ஒரு கேள்வி: இவ்வளவு பெரிய உலகில் மனிதனுக்கு எந்த இடம்? விடை பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தச் சிறு உருவத்தில் இருக்கிறது. யார் நிற்கிறார், எவ்வளவு பெரிதாக, என்ன செய்துகொண்டு, யாரை ஓவியர் வரையாமலே விட்டார் என்று தேடிப் பார்ப்பதே இந்தப் படங்களை வாசிக்கச் சிறந்த வழி.

அதற்கு முந்தைய நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஆந்த்ரே ஃபெலிபியான் ஓவிய வகைகளுக்கு ஒரு படிவரிசை வகுத்தார். வரலாறும் புராணமும் விவிலியமும் மேல்படியில். நிலக்காட்சி கீழ்ப்படிகளில். காடு மேடுகளை வரையலாம், ஆனால் அதற்குள் ஒரு தேவதையோ தீர்க்கதரிசியோ நடந்துபோக வேண்டும். ரோமில் வாழ்ந்த க்ளோட் லோரேன் இந்த முறையில் பொன்வெயிலில் குளித்த அற்புதமான படங்களைத் தந்தார். ஆயினும் அவருடைய மரங்கள் கதைக்குத் திரை பிடித்து நிற்பவைதான்.

1757இல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் வெளியிட்ட நூல் இந்த ஒழுங்கைக் குலைத்தது. அழகு வேறு, பிரமிப்பு வேறு என்றார் அவர். மென்மையும் சிறுமையும் வழவழப்பும் அழகின் பக்கம். இருளும் பிரம்மாண்டமும் எல்லையின்மையும் பிரமிப்பின் பக்கம். பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்கும்போது அச்சமே ஓர் இன்பமாகிறது என்பது அவர் வாதம். புயலுக்கும் பள்ளத்தாக்குக்கும் இனித் தேவதை தேவையில்லை. அவையே நாயகர்கள் ஆகலாம்.

ஃபிரீட்ரிக் அதையும் தாண்டிப் போனார். பால்டிக் கடலோர ஊரான கிரைஃப்ஸ்வால்டில் 1774இல் பிறந்தவர். ஏழு வயதில் தாயை இழந்தார். பதின்மூன்று வயதில், பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கிய தம்பியைப் பறிகொடுத்தார். அந்தச் சாவை வைத்தே அவர் படங்களையெல்லாம் விளக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது அவருடைய உழைப்பைக் குறைத்துவிடும். 1808இல் மலையுச்சியில் ஊசியிலை மரங்களுக்கிடையே நிற்கும் ஒரு சிலுவையை வரைந்து, அதைப் பலிபீடப் படம் என்று டிரெஸ்டனில் தம் பட்டறையில் காட்சிக்கு வைத்தார். நிலக்காட்சி தேவாலயத்துக்குள் நுழைந்து பலிபீடத்தில் ஏறிக்கொள்வதா என்று ராம்டோர் என்ற விமர்சகர் கொதித்தார். அவருடைய கோபம் ஒன்றைச் சரியாகவே கண்டுகொண்டது. பாறையும் மரமும் மாலை ஒளியும் இங்கே மறைநூலின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன.

அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் நமக்கு முதுகு காட்டுபவர்கள். 1818ஐ ஒட்டி வரைந்த ‘பனிக்கடலின் மேல் உலாவி’யில் பாறை உச்சியில் நிற்பவரின் முகம் நமக்குத் தெரிவதே இல்லை. அவர் பார்ப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். அந்தக் காட்சி எந்த ஓர் இடத்திலிருந்தும் தெரிவதல்ல. சாக்சனி மணற்பாறை மலைகளில் அலைந்து தனித்தனியாக எடுத்த கோட்டுச்சித்திரங்களைப் பட்டறையில் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு பாறையும் உண்மை, மொத்தக் காட்சி மட்டும் அவருடைய படைப்பு. ‘நிலவைப் பார்க்கும் இருவர்’ படத்தின் மனிதர்கள் பழைய ஜெர்மானிய உடை அணிந்திருக்கிறார்கள். நெப்போலியனை எதிர்த்த தேசியவாத மாணவர்கள் விரும்பி அணிந்த உடை அது. 1819இல் அதிகாரிகள் அவர்களை ஒடுக்கத் தொடங்கியபோது அந்த உடையும் சந்தேகத்துக்கு உள்ளானது. நிலவொளியில் இரண்டு பேர் நிற்பதிலும் அரசியல் இருந்தது.

1823–24இல் அவர் தீட்டிய ‘பனிக்கட்டிக் கடல்’ இந்தக் காலம் முழுவதிலும் மிகக் கடுமையான படம். கூரிய பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வானை நோக்கிக் குத்துகின்றன. வலப்பக்கத்தில், தேடினால்தான் தெரியும், நொறுங்கிய கப்பலின் பின்புறம். வில்லியம் பாரியின் ஆர்க்டிக் பயணச் செய்திகள் அப்போது ஐரோப்பா எங்கும் பேசப்பட்டன. ஃபிரீட்ரிக் ஆர்க்டிக்கைப் பார்த்ததில்லை. டிரெஸ்டனில் எல்ப் ஆறு உறைந்தபோது உடைந்து கிடந்த பாளங்களைக் கவனித்து வரைந்து வைத்திருந்தார். இங்கே முதுகு காட்டி நிற்கக்கூட ஒருவர் இல்லை. 1840இல் அவர் இறக்கும்வரை அந்தப் படம் விலைபோகவில்லை. அவரோடு ஒரே வீட்டில் வசித்த நார்வேக்காரரான யொஹான் கிறிஸ்டியான் டால்தான் பிறகு அதை வாங்கினார்.

அந்தக் காலத்தில்தான் வானத்துக்குப் பெயர்கள் கிடைத்தன. லண்டனில் மருந்து வேதியியல் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்ட் 1802இல் ஆற்றிய உரையில் மேகங்களைக் கீற்று, திரள், படலம் என்று வகைப்படுத்தினார். ஜெர்மானியக் கவிஞர் கதே அதில் மயங்கி, அந்த வகைப்பாட்டின்படி மேகங்களை வரைந்து தர முடியுமா என்று ஃபிரீட்ரிக்கைக் கேட்டார். ஃபிரீட்ரிக் மறுத்துவிட்டார். மேகத்தைக் கட்டம் கட்டி அடைத்தால் நிலக்காட்சியே கவிழ்ந்துபோகும் என்பது அவர் பயம்.

இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிளுக்கு அந்தப் பயமே இல்லை. சஃபோக் மாவட்டத்தின் ஈஸ்ட் பெர்க்ஹோல்ட் கிராமத்தில் மாவு ஆலை முதலாளியின் மகனாக 1776இல் பிறந்தவர். ஆலைக்காரர் வீட்டில் காற்றும் மழையும் வரவுசெலவுச் சமாச்சாரம். 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து டசன் கணக்கில் வானங்களைத் தாளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். பல தாள்களின் பின்புறத்தில் தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்தார். பின்னாளில் வானிலை ஆய்வாளர்கள் அவற்றை அந்நாட்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்திருக்கிறது. நிலக்காட்சி ஓவியத்தை இயற்கை அறிவியலின் ஒரு கிளையாகக் கருதலாம் என்று 1836இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் உரையில் அவர் வாதிட்டார். ஆனால் அந்த வானங்களில் குறிப்பேட்டின் வறட்சி இல்லை. வானமே படத்தின் உணர்ச்சியைத் தாங்குகிறது என்று நம்பியதால்தான் அவர் அதை அவ்வளவு துல்லியமாக அறிய விரும்பினார். அறிதலும் உணர்தலும் பகையல்ல என்பதற்கு இந்தச் சிறு தாள்களைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1821இல் காட்சிக்கு வந்த ‘வைக்கோல் வண்டி’ லண்டனில் விலைபோகவில்லை. பாரிஸ் வணிகர் ஒருவர் வாங்கிச் சென்று 1824 சலோன் கண்காட்சியில் வைக்க, அது தங்கப் பதக்கம் பெற்றது. அதைப் பார்த்த பிரெஞ்சு ஓவியர் டெலக்ரவா தம் ‘கீயோஸ் படுகொலை’யின் பின்புலத்தைத் திருத்தி வரைந்தார் என்று சொல்வார்கள். ஆற்றில் இறங்கி நிற்கும் வண்டி, கரையில் ஒரு நாய், இடப்பக்கம் ஒரு குடியானவர் வீடு, தூரத்து வயலில் புள்ளிகளாக வேலையாட்கள். இங்கே மனிதன் இயற்கையைப் பார்த்து வியந்து நிற்கவில்லை. அதில் வேலை செய்கிறான். ஆனால் 1822இல் அதே கிழக்கு இங்கிலாந்தில் வயிறு காய்ந்த கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசி படத்துக்குள் வரவில்லை. தூரத்தில் புள்ளியாக நிற்பவனின் முகத்தில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்க்க கான்ஸ்டபிள் நெருங்கிப் போகவில்லை.

அவருக்கு ஒரு வயது மூத்தவர் ஜே. எம். டபிள்யூ. டர்னர், லண்டன் முடிதிருத்துபவரின் மகன். பதினான்கு வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தவர். 1812இல் அவர் காட்டிய ‘பனிப்புயல்: ஆல்ப்ஸைக் கடக்கும் ஹானிபாலும் அவன் படையும்’ பழைய படிவரிசையைத் தலைகீழாக்கியது. தலைப்பு வரலாறு, படமோ புயல். கறுத்த சுழல் ஒன்று சூரியனையே விழுங்கப் பார்க்கிறது. ஹானிபாலின் புகழ்பெற்ற யானை அடிவானத்தில் எறும்பளவு தெரிகிறது. யார்க்‌ஷயரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது மலைமேல் இறங்கிய இடிமழையைக் கடிதத் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு அதை ஆல்ப்ஸுக்கு மாற்றினார் என்று அந்த வீட்டுப் பிள்ளை பின்னாளில் சொன்னார்.

டர்னரின் சிவந்த மாலைகளுக்கு வானிலையும் ஒரு காரணம் என்கிறார்கள். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வடகிழக்கு அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. கிரேக்க ஆய்வாளர்கள் 2007இல் பல நூற்றாண்டுகளின் அந்தி ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்குமான விகிதத்தை அளந்து, பெரிய வெடிப்புகளுக்குப் பிந்தைய ஆண்டுகளின் படங்கள் கூடுதலாகச் சிவந்திருப்பதைக் காட்டினார்கள். ஓவியர் கற்பனை என்று நினைத்ததில் காற்றில் மிதந்த எரிமலைத் துகளும் இருந்தது.

டர்னரின் ஆகச் சிறந்த படம் 1840இல் வந்தது. ‘அடிமைக் கப்பல்’ என்று சுருக்கி அழைக்கப்படும் அதில் கடலும் வானமும் குருதி நிறத்தில் எரிகின்றன. முன்பக்கம் விலங்கு பூட்டிய ஒரு கால் நீரிலிருந்து நீட்டி நிற்கிறது. மீன்கள் மொய்க்கின்றன. 1781இல் ‘ஸோங்’ என்ற கப்பலின் ஆட்கள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் எறிந்தார்கள். அவர்களைச் ‘சரக்கு’ என்று கணக்குக் காட்டிக் காப்பீட்டுத் தொகையும் கோரப்பட்டது. அந்தக் கொடுமையே படத்தின் பின்னணி என்பது பரவலான கருத்து. விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு அவர் தந்தை இந்தப் படத்தை வாங்கிப் பரிசளித்தார். ரஸ்கின் அதன் கடலையும் ஒளியையும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார். கடலில் வீசப்பட்ட மனிதர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்கினார். இயற்கையின் பேரழகில் லயித்துவிட்ட கண்ணுக்கு எது தெரியாமல் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை. டர்னர் அந்தக் காலை வரைந்திருந்தார். பார்க்கத் தவறியது அவரல்ல.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த ‘மழை, நீராவி, வேகம்’ படத்தில் ரயில் ஒன்று தேம்ஸ் பாலத்தின் மேல் மழையைக் கிழித்து வருகிறது. தண்டவாளத்தில் அதற்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது. இயந்திரத்தைச் சபிப்பதாகவும் இல்லை, வாழ்த்துவதாகவும் இல்லை. புயலை வரைந்த அதே தூரிகைதான் நீராவியையும் வரைந்தது.

ஐரோப்பாவின் பிற இடங்களைச் சற்று விரைந்தே கடக்கலாம். கிரிமியாவின் ஃபியொடோசியாவில் பிறந்த ஐவசோவ்ஸ்கி 1850இல் ‘ஒன்பதாம் அலை’யை வரைந்தார். உடைந்த பாய்மரத்தில் தொற்றிக்கொண்டிருப்பவர்கள் மேல் விடியல் ஒளி விழுகிறது. ஃபிரீட்ரிக் தராத நம்பிக்கையை அவர் தந்தார், மக்களும் கொண்டாடினார்கள். டால் டிரெஸ்டனிலேயே வாழ்ந்தபடி தம் தாய்நாட்டின் அருவிகளையும் புயலில் வளையும் பூர்ச்ச மரத்தையும் வரைந்தார். அதோடு நிற்காமல் நார்வேயின் பழைய மரத் தேவாலயங்களைக் காக்கவும் போராடினார். இடிக்கப்படவிருந்த வாங் தேவாலயம் பிரஷ்ய மன்னரின் உதவியால் பிரித்தெடுக்கப்பட்டு, இன்று போலந்தில் உள்ள மலைச்சரிவில் மீண்டும் எழுந்தது.

பிரான்சில் நடந்தது நீண்டகால விளைவு கொண்டது. பாரிஸுக்குத் தெற்கே ஃபொன்தேன்ப்ளோ காட்டோரம் பார்பிஸோன் கிராமத்தில் தங்கி வரைந்த தியோடோர் ரூசோவைச் சலோன் நடுவர்கள் 1836 முதல் ஆண்டுக்கணக்கில் நிராகரித்தார்கள். அவர் ஓக் மரங்களை மனிதர்களின் உருவப்படம்போல, ஒவ்வொன்றின் தழும்பும் தெரிய வரைந்தார். அவற்றை வெட்ட ஆட்கள் வந்தபோது ஓவியர்கள் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் முறையிட்டார்கள். 1861இல் ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று அதிகமான காடு ‘கலைக் காப்பகம்’ என்று ஆணையால் ஒதுக்கப்பட்டது. மரக்கட்டைக்காகவோ வேட்டைக்காகவோ அல்லாமல், பார்ப்பதற்காகவே ஒரு காடு சட்டப்படி காக்கப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்குப் பதினொரு ஆண்டுகள் முந்தியது இது.

அமெரிக்காவில் இந்த மரபைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் ஆலை மாவட்டமான லங்காஷயரில் பிறந்த தாமஸ் கோல். 1818இல் குடும்பத்தோடு கப்பலேறினார். 1825இல் ஹட்சன் ஆற்றின் வழியே கேட்ஸ்கில் மலைகளுக்குப் போய் வரைந்து வந்த படங்கள் நியூயார்க்கில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. புகைபோக்கிகள் முளைத்த ஊரிலிருந்து வந்தவருக்குக் காடு அழிவது எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். 1836இல் ‘பேரரசின் பாதை’ என்று ஐந்து படங்களை முடித்தார். ஒரே விரிகுடா காடாக, மேய்ச்சல் நிலமாக, பளிங்கு நகரமாக, எரியும் நகரமாக, பாழாக மாறுகிறது. அதே ஆண்டு வரைந்த ‘ஆற்று வளைவு’ படத்தில் இடப்பக்கம் புயல் கடந்த காடு, வலப்பக்கம் வெயிலில் காயும் வயல்கள். இரண்டுக்கும் நடுவே, பாறை இடுக்கில், தூரிகையோடு திரும்பி நம்மைப் பார்க்கும் சிறு உருவம் கோல்தான். ஃபிரீட்ரிக்கின் உலாவி முதுகைக் காட்டுகிறார். கோல் முகத்தைக் காட்டி எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று கேட்கிறார். 1843இல் அதே கேட்ஸ்கில்லை மீண்டும் வரைந்தபோது முன்பு மரங்கள் நின்ற இடத்தில் வெட்டவெளி இருந்தது. தூரத்துப் பாலத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.

கோலின் மாணவர் ஃபிரெடரிக் சர்ச், ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹும்போல்ட்டின் வாசகர். ஓவியர்கள் வெப்பமண்டலத்துக்குப் போய் அதன் செடிகொடிகளை நேரில் அறிந்து வரைய வேண்டும் என்று ஹும்போல்ட் ‘கோஸ்மோஸ்’ நூலில் வேண்டியிருந்தார். சர்ச் 1853இலும் 1857இலும் தென்னமெரிக்கா சென்றார். 1859இல் நியூயார்க்கில் ‘ஆண்டிஸின் இதயம்’ என்ற மூன்று மீட்டர் அகலப் படத்தைத் தனியாகக் காட்சிக்கு வைத்தார். சட்டகம் சாளரம்போல அமைக்கப்பட்டுத் திரைகளும் தொங்கின. 25 சென்ட் கட்டணம் கொடுத்து 12,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பலர் நாடகக் கண்ணாடி வழியே ஒவ்வொரு இலையாகப் பார்த்தார்கள். காட்டுச்செடியிலிருந்து சிம்பொராசோ மலையின் பனிமுடி வரை ஒரு கண்டத்தின் தட்பவெப்பப் படிகள் எல்லாம் ஒரே கித்தானில் அடுக்கப்பட்டிருந்தன. இடப்பக்கம் ஒரு மரச்சிலுவையின் முன் இரண்டு பேர். ஹும்போல்ட்டுக்குக் காட்ட படத்தை பெர்லினுக்கு அனுப்ப சர்ச் நினைத்திருந்தார். அந்த மே மாதமே ஹும்போல்ட் இறந்துபோனார். நவம்பரில் டார்வினின் நூல் வெளியானது. எல்லாம் இசைந்து இயங்கும் ஓர் இயற்கை என்ற நம்பிக்கை அதன் உச்சப் படத்தைப் பெற்ற அதே ஆண்டில், போட்டியிட்டு அழிந்து பிழைக்கும் இன்னொரு இயற்கையும் அறிமுகமானது.

மேற்கு நோக்கி நகர்ந்ததும் படங்கள் இன்னும் பெரிதாகின. ஜெர்மனியில் பிறந்த ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1859இல் அரசுப் பாதை அளவைக் குழுவோடு ராக்கி மலைகளுக்குப் போனார். 1863இல் முடித்த ‘ராக்கி மலைகள், லேண்டர் சிகரம்’ 25,000 டாலருக்கு விற்றது. முன்பக்கம் ஷோஷோனி மக்களின் முகாம், பின்னால் அந்த அளவைக் குழுவின் தலைவர் பெயரைச் சூடிய மலை. அங்கே வாழ்ந்தவர்கள் அலங்காரமாக நிற்க, அளக்க வந்தவரின் பெயர் சிகரத்தில் ஏறிவிட்டது. பியர்ஸ்டாட் அடுத்து வரைந்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கோ ஆதியிலிருந்து யாருமே வாழாத சொர்க்கம்போல மின்னுகிறது. அங்கிருந்த அவானீச்சி மக்கள் 1851இல் ஆயுதப் படையால் விரட்டப்பட்டிருந்தார்கள்.

தாமஸ் மோரன் 1871இல் யெல்லோஸ்டோன் ஆய்வுக் குழுவுடன் போனார். அவருடைய நீர்வண்ணப் படங்களும் உடன்சென்ற ஜாக்சனின் புகைப்படங்களும் வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் காட்டப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று உலகின் முதல் தேசியப் பூங்காவுக்கான சட்டம் கையெழுத்தானது. அதே ஆண்டு மோரனின் பிரம்மாண்டமான ‘யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கு’ படத்தை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. ஓவியர்கள் ஒரு நிலத்தைக் காப்பாற்றினார்கள் என்பது உண்மை. காப்பாற்றப்பட்டது ஆளில்லாத நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அவர்கள் படங்களே துணைநின்றன. யெல்லோஸ்டோனின் மலைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த ஷோஷோனிக் குழுவினர் 1870களின் இறுதியில் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். ஃபொன்தேன்ப்ளோவிலும் யெல்லோஸ்டோனிலும் ஓவியர்கள் வென்றார்கள். இரண்டு வெற்றிகளுக்கும் ஒரே விலை கொடுக்கப்படவில்லை.

பூர்வகுடிகளை வரையாமல் அந்தப் படங்கள் விட்ட வெற்றிடத்தை நிரப்பும் முயற்சிகள் இப்போது ஓவியத்துக்குள்ளேயே நடக்கின்றன. செரோக்கி இனத்தைச் சேர்ந்த, 1935இல் பிறந்த கே வாக்கிங்ஸ்டிக் அமெரிக்க நிலக்காட்சிகளைப் பெரிய பலகைகளில் தீட்டி, அவற்றின் மேல் அந்தந்த நிலத்துக்குரிய பூர்வகுடியினரின் வடிவக் கோலங்களை வரைகிறார். 2023 அக்டோபரில் நியூயார்க் வரலாற்றுச் சங்க அருங்காட்சியகம் அவருடைய படங்களையும் கோலின் வழிவந்த ஹட்சன் ஆற்றுப் பள்ளி ஓவியர்களின் படங்களையும் ஒரே கண்காட்சியில் வைத்தது. கோலின் ‘பேரரசின் பாதை’ ஐந்து படங்களையும் தன்வசம் வைத்திருப்பது அதே அருங்காட்சியகம்தான். வாக்கிங்ஸ்டிக்கின் நயாகராவும் அங்கே இருந்தது. நீர் கொட்டும் வேகத்தையும் பச்சை ஒளியையும் அவர் 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களுக்குச் சற்றும் குறையாமல் ரசித்தே தீட்டியிருக்கிறார். நீரின் மேல் ஹோடெனொஷோனி மக்களின் கோலம் ஓடுகிறது.